ஈசிஆர் பண்ணை வீடு: வீட்டுக்கு 4, நீச்சல் குளத்துக்கு பூஜ்யம்

இது வீட்டைப் பற்றிய ரிவ்யூ என்பதைவிட அந்த வீட்டின் நீச்சல் குளத்தைப் பற்றியதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. ஓனரோடு பேச்சு இன்னும் முழுதாக முடியவில்லை. அதோடு ஈசிஆரில் இதே மாதிரி குளங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒரு பெயரைப் போட்டால் மற்றதெல்லாம் பத்திரமான இடம் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது.

மாமல்லபுரம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக ஒரு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் குடும்பத்தோடு ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நான்தான் புக் பண்ணினேன். 14 பேர். ஒரு நாள் வாடகை 18,000, அட்வான்ஸ் 5,000. வீடு நன்றாகவே இருந்தது. மூன்று ரூம், மூன்றிலும் ஏசி வேலை செய்தது, பாத்ரூம் சுத்தம், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஓடியது. சமையல் செய்து தரும் அக்கா வைத்த வஞ்சிரம் மீன் குழம்பை எங்கள் அம்மாவே கேட்டு வாங்கி இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் அண்ணன் தங்கமான மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அன்றைக்கு எங்களோடு ஓடியவர் அவர். வீட்டுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் 5க்கு 4 தருவேன்.

இப்போது குளம். புக் பண்ணும்போது ஓனர் அனுப்பிய வாட்ஸ்ஆப் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது: "ப்ரைவேட் பூல், 6 அடி, கிட்ஸ் பூல் தனி." நேரில் பார்த்தால் முப்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம் இருக்கும். அடியிலிருந்து சுவர் வரை ஒரே நீல டைல்ஸ், எங்கே ஆழம் கூடுகிறது எங்கே குறைகிறது என்று கண்ணால் பிரித்துப் பார்க்கவே முடியாது. விளிம்பில் ஒரு எண் கிடையாது. டைவ் அடிக்கக் கூடாது என்று பலகை கிடையாது. ஒரு ஓரத்தில் பாறை மாதிரி சிமென்ட்டில் கட்டி, அதிலிருந்து அருவி கொட்டுவதுபோல் செய்திருக்கிறார்கள். அந்தப் பாறையின் மேல் ஆள் ஏறி நிற்கிற மாதிரி ஒரு சமதளம், ஏறுவதற்கு மூன்று படி. போட்டோ எடுக்க என்று கட்டியதாம். ஆனால் நீச்சல் தெரிந்த எந்தப் பையனும் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? இது குதிப்பதற்கான மேடை என்றுதான் நினைப்பான்.

அந்த மேடை இருந்தது குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில்.

அக்கா பையனுக்கு 19 வயது. ஆரணிப் பக்கம் தாத்தா வீட்டுக் கிணற்றில் நீந்திப் பழகியவன், ஏழெட்டு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு இறங்கியவன், பத்து வயதில் கிணற்று மேட்டிலிருந்து டைவ் அடித்தவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு பலர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி "பையனுக்கு நீச்சல் தெரியாதா" என்பதுதான். நன்றாகத் தெரியும். நீச்சல் தெரியாதவன் தலைகுத்திப் பாய மாட்டான், தெரிந்தவன்தான் பாய்வான். கிணற்றில் குதிக்கிறவனுக்கு அந்தக் கிணறு தெரியும்: படி எந்தப் பக்கம், பாறை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, இந்த மாதம் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது, எல்லாம் ஊரில் ஒருவன் மற்றவனுக்குச் சொல்லி வைத்திருப்பான். இங்கே அவனிடம் யார் சொன்னார்கள்? 6 அடி என்று நான்தான் சொன்னேன், ஓனர் எனக்கு அனுப்பியதை வைத்து.

மாலை நாலரை மணி இருக்கும். அவன் மேடையில் ஏறியதை நான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. கையை நீட்டி ஒரு டைவ். தண்ணீர் தெறித்தது, கொஞ்ச நேரத்தில் மேலே வந்தான், நெற்றியில் மயிர்க்கால் ஓரத்தில் கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. எழுந்து நிற்பான் என்று பார்த்தால் அப்படியே மிதந்தபடி, மெதுவான குரலில், "மாமா, ரெண்டு கையும் கூசுது" என்றான். வலிக்கிறது என்று சொல்லவில்லை. கூசுது என்றுதான் சொன்னான்.

என் தம்பி குளத்தில் குதித்து அவன் அக்குளில் கை கொடுத்து இழுக்கப் போனான். அப்போது என் அண்ணி, ஐசியூவில் 12 வருடமாக நர்ஸாக இருப்பவர், கரையிலிருந்து கத்திய கத்தில் எல்லோரும் நின்றுவிட்டோம். "யாரும் இழுக்காதீங்க! தண்ணியிலயே வை!" புடவையோடு இறங்கினார். அவன் தலைக்குப் பின்னால் போய் நின்று, தன் இரண்டு முன்கைகளையும் அவன் தோளுக்கு அடியில் கொடுத்து, தலையை இரு கைகளுக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டார். உடம்பு தண்ணீரில் மிதக்கிறது, தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கிறது. "கழுத்தைத் திருப்பாத தம்பி, மேல பாரு, என்கிட்ட பேசிக்கிட்டே இரு" என்று அவனோடு பேசிக்கொண்டே இருந்தார். நான் 108க்குப் போன் பண்ணினேன், வாட்ச்மேன் அண்ணன் டூ வீலரை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார், ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட. அவர்கள் வந்து தண்ணீருக்குள்ளேயே பலகையை அவன் முதுகுக்கு அடியில் செருகி, கழுத்துக்குக் காலர் போட்டு, பட்டைகளால் கட்டித்தான் வெளியே எடுத்தார்கள். அதுவரை அண்ணி கையை எடுக்கவே இல்லை. கிட்டத்தட்ட அரை மணி நேரம்.

எம்ஆர்ஐயில் கழுத்தின் ஐந்தாவது எலும்பில் விரிசல், ஆனால் எலும்பு இடம் பெயரவில்லை, தண்டுவடம் தப்பியிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், பத்து வாரம் காலர் என்றார்கள். இப்போது காலேஜுக்குப் போகிறான், இரண்டு கையிலும் பலம் முழுதாகத் திரும்பிவிட்டது. வெளியே இழுத்துப் போட்டிருந்தால் அந்த விரிசல் எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடிபட்டவனைத் தூக்குவதுதான் நாம் செய்கிற முதல் காரியம். மூச்சு விடுகிறான் என்றால், கை கால் கூசுகிறது, மரத்துப் போகிறது என்றால், தண்ணீரிலேயே மல்லாக்க மிதக்கவிட்டுத் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் கதை வேறு, அப்போது மூச்சுதான் முதலில்.

டைவ் அடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை அந்த டாக்டர் ஒரு பேனாவை மேஜையில் குத்திக் காட்டினார். தலை தரையில் மோதி நின்றுவிடுகிறது, ஆனால் பின்னால் வருகிற உடம்பு நிற்பதில்லை, முழு எடையும் கழுத்தின் மேல் வந்து இறங்குகிறது. கழுத்தின் ஐந்தாவது ஆறாவது எலும்புப் பக்கம்தான் பெரும்பாலும் நொறுங்கும். தண்டுவடம் அறுந்துவிட்டால் காலோடு கையும் போய்விடும், அதற்கும் மேலே அடிபட்டால் மூச்சே நின்றுவிடும். இதற்கு உயரம் எல்லாம் தேவையில்லை, குளத்தின் விளிம்பிலிருந்து பாய்ந்தாலே போதும். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் தலைகுத்திப் பாய்வதற்குக் குறைந்தது 9 அடி ஆழம் வேண்டும் என்கிறது. ஒன்பது அடி! நம் பண்ணை வீட்டுக் குளங்களில் எங்கே இருக்கிறது ஒன்பது அடி?

அடுத்த நாள் காலையில் அட்வான்ஸ் வாங்கவும் சாமான்களை எடுக்கவும் நான் மட்டும் திரும்பிப் போனேன். குளத்தில் இலை அள்ளுகிற வலைக்கம்பு ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதை மேடைக்கு நேர் கீழே தண்ணீரில் செங்குத்தாக இறக்கி, நனைந்த இடத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, வெளியே எடுத்து டேப்பால் அளந்தேன். 3 அடி 4 அங்குலம். ஆழமான பக்கம் என்று சொல்லப்பட்ட இடத்தில் 4 அடி 10 அங்குலம். கட்டும்போது விளிம்பிலிருந்து அடி வரை 6 அடி இருந்திருக்கலாம், தண்ணீர் அவ்வளவு நிரப்பவே இல்லை. டேப்போடு சேர்த்து ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அப்போது ஏதோ ஒரு கோபத்தில் செய்தது, பிறகு வக்கீல் நண்பர் பார்த்துவிட்டு இதுதான் உன் கையில் இருக்கிற நல்ல சாட்சி என்றார்.

ஓனரிடம் போனில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் செலவு என்றதும், "சார், செக்-இன்ல நீங்கதானே சைன் போட்டீங்க, போர்டும் வச்சிருக்கோமே" என்றார். உண்மைதான், உள்ளே போகும்போது ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. கேட் பக்கத்தில் பலகையும் இருந்தது: நீச்சல் குளத்தை உபயோகிப்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் உபயோகிக்கவும், விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எத்தனை குடும்பம் பேசாமல் திரும்பிப் போயிருக்குமோ தெரியாது. நானும் அன்றைக்கு அப்படித்தான் போனை வைத்தேன்.

அந்தப் பலகைக்கு அவ்வளவு பலம் இல்லை என்பதை வக்கீல் நண்பர்தான் உட்கார வைத்துச் சொன்னார். 2019இல் உச்ச நீதிமன்றம் டெல்லி தாஜ் மகால் ஹோட்டல் வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. 1998இல் அங்கே விருந்தினர் ஒருவர் காரை வேலட் பார்க்கிங்கில், அதாவது ஹோட்டல் ஆளே நிறுத்தி வைக்கும்படி சாவியோடு கொடுத்துவிட்டுப் போக, கார் திருடு போய்விட்டது. டோக்கனில் "உங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று அச்சடித்திருந்தார்கள். ஹோட்டலின் சொந்தக் கவனக்குறைவால் நடந்ததை அப்படி ஒரு வரி அச்சடித்துத் தட்டிக்கழிக்க முடியாது என்றது கோர்ட். காருக்கே அப்படி என்றால் கழுத்துக்கு?

நேராக டைவ் பற்றியே ஒரு வழக்கு இருக்கிறது, சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிப்பார்களாம். 1972 ஆகஸ்டில் டெல்லி ஓபராய் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் தங்கியிருந்த லுஃப்தான்ஸா துணை விமானி ஒருவர் ஹோட்டல் குளத்தில் டைவ் அடித்தார், தலை அடியில் மோதியது, உடம்பு செயலிழந்தது. குளத்தின் வடிவமைப்பு சரியில்லை, தண்ணீரும் போதுமான அளவு இல்லை என்பது அவர் தரப்பு. 13 வருடம் அந்த நிலையிலேயே இருந்து 1985இல் இறந்துபோனார். 1997இல்தான் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.சி. லஹோட்டி, பிறகு இந்தியாவின் தலைமை நீதிபதியாக வந்தவர், 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். அவ்வளவு காசு வாங்குகிற ஐந்து நட்சத்திர ஹோட்டல், கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை வைத்திருந்தால் அதற்கு முழுப் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் ஹோட்டல் அப்பீல் போக, வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட்டதால் உடல் காயத்துக்கான வழக்கும் அவரோடு முடிந்துவிட்டது என்று அதே உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. அடிபட்டவன் தாமதத்திலேயே செத்துப்போனால் கேள்வியே இல்லாமல் போய்விடுமா?

அதனால்தான் நண்பர் சிவில் கோர்ட்டைவிட நுகர்வோர் ஆணையத்தைச் சொன்னார். அங்கே நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. 2006இல் கேரளாவில் கோவளத்தில் அரசு சுற்றுலாக் கழகத்தின் சமுத்ரா ஹோட்டல் குளத்தில் விருந்தினர் ஒருவர் மூழ்கி இறந்தார். லைஃப்கார்ட் வேலை பார்த்தவருக்கே பாரில் சரக்கு ஊற்றிக் கொடுக்கிற வேலையையும் கொடுத்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 62.5 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது, 2019இல் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே உறுதி செய்தது. குளத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இன்னொரு வேலை கொடுப்பதே கவனக்குறைவு என்றது. எங்கள் பண்ணை வீட்டில் லைஃப்கார்ட் என்று ஒருவர் கிடையவே கிடையாது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தங்கும் வசதியும் சேவைதான். காசு கொடுத்தது நான், அடிபட்டது அவன் என்றாலும், என் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்தியவன் என்பதால் அவனும் நுகர்வோர்தான். கவனக்குறைவால் காயம் உண்டாக்குவது, சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது, இரண்டும் சேவைக் குறைபாட்டில் வருகிறது. மூன்றரை அடிகூட இல்லாத இடத்தில் மேடை கட்டிவிட்டு ஆழத்தை எழுதாமல் விட்டது வேறென்ன? சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், செங்கல்பட்டுக்கு அலைய வேண்டாம். கொடுத்த வாடகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்ஆப் மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள், மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

சரி, பையன் மேல் தப்பே இல்லையா என்றால், இருக்கிறது. அவனே ஒத்துக்கொள்கிறான். இறங்கி நடந்து பார்த்துவிட்டுக் குதித்திருக்கலாம். அவன் பங்குக் கவனக்குறைவு என்று ஒரு பகுதியை இழப்பீட்டில் கழிப்பார்கள், அது நியாயம்தான். இங்கிலாந்தில் செஷயரில் ஒரு பழைய மணல் குவாரி ஏரி, கவுன்சிலின் (நம் நகராட்சி மாதிரி) பூங்காவுக்குள் இருப்பது. 1995இல் 18 வயதுப் பையன் ஒருவன் கரையோரத் தண்ணீரில் பாய்ந்து கழுத்து முறிந்து கை கால் விழுந்துவிட்டது. ஆபத்தான தண்ணீர், நீந்தாதீர்கள் என்று கவுன்சில் பலகை வைத்திருந்தது. நடுவில் ஒரு கோர்ட் அவனுக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்பைக் கவுன்சில் ஏற்க வேண்டும் என்றது, 2003இல் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒன்றுமே கிடையாது என்று முடித்துவிட்டது. எல்லோருக்கும் தெரிகிற ஆபத்தில் ஒரு பெரியவன் தானாகப் போய் விழுந்தால் அதற்காக ஊர் ஜனம் உட்காருகிற மணல் கரையை மூட முடியாது என்று நீதிபதி லார்ட் ஹாஃப்மன் எழுதினார். எனக்கு அந்தப் பையனை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் அந்த வாதம் புரிகிறது. அது குளிப்பதற்கென்று கட்டிய குளம் இல்லை, நீந்தவே கூடாது என்று எழுதி வைத்த இடம். காசு வாங்கிக்கொண்டு, குளித்து விளையாடுங்கள் என்று கூப்பிட்டு, 6 அடி என்று எழுதியும் அனுப்பிய குளத்துக்கு அதே அளவுகோலா?

வக்கீல் நோட்டீஸ் போனது. மூன்றாவது வாரம் ஓனரே வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிப் பில்லில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்திருக்கிறார், மீதிக்கு அவகாசம் கேட்டிருக்கிறார். பணத்தைவிட நாங்கள் மூன்று விஷயம் எழுதிக் கேட்டோம்: குளத்தின் நான்கு பக்கமும் ஆழத்தை அடிக்கணக்கில் பெயின்ட் பண்ண வேண்டும், தமிழிலும் இங்கிலீஷிலும் டைவ் அடிக்கக் கூடாது என்று மேடை பக்கத்தில் பலகை வைக்க வேண்டும், மேடையின் சமதளத்தை இடிக்க வேண்டும் அல்லது ஏற முடியாதபடி கம்பி போட வேண்டும். பெயின்ட் டப்பா 400 ரூபாய். இத்தனை பெரிய வீட்டைக் கட்டியவருக்கு அது ஒரு செலவா?

புக் பண்ணுகிறவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். குளத்தின் அழகான போட்டோ வேண்டாம், விளிம்பில் எழுதியிருக்கிற ஆழத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் அனுப்புவார்கள். இல்லையென்றால் ஏதேதோ சொல்வார்கள், அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். போன பிறகு, பிள்ளைகள் இறங்குவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் இறங்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, தண்ணீர் எங்கே இடுப்பு, எங்கே நெஞ்சு, எங்கே கழுத்து என்று சத்தமாகச் சொல்லட்டும். மாலையில் பெரியவர்கள் பீர் பாட்டிலைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் குளத்துப் பக்கம் போக வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி போகிற வழியில் வண்டியை உள்ளே திருப்பி எட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து முதலில் கேட்டது, "தம்பி நல்லாருக்கா சார்?" குளத்தின் இரண்டு நீளப் பக்கத்திலும் சிவப்பு பெயின்டில் 3, 4, 5 என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து என்பது இன்னும் இரண்டு அங்குலம் கூடுதல்தான், ஆனாலும் எழுதியிருக்கிறார்கள். பலகை வந்திருக்கிறது, இங்கிலீஷில் மட்டும். மேடை அப்படியே இருக்கிறது, படி மூன்றும் இருக்கிறது, நான் நின்றுகொண்டிருக்கும்போதே வேறொரு குடும்பத்தின் சின்னப் பையன் ஒருவன் அதில் ஏறினான். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, அங்கே தண்ணீர் 3 அடி 4 அங்குலம்தான் என்று சொல்லி இறக்கிவிடச் சொன்னேன். மேடையை இடித்துவிட்டோம் என்று ஓனர் போட்டோ அனுப்பினால் அன்றைக்கே இந்த பூஜ்யத்தை மாற்றுகிறேன்.